மருந்துக்கு ஒரு வக்கீல்

வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருபவர் கடலூர் முதுநகரில் பிறந்து, சிப்காட் ஆலை ஒன்றில் வேலை பார்த்து, இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் மருந்து பேட்டன்ட் (புதுக் கண்டுபிடிப்பின் மேல் அரசு தரும் தனியுரிமை) வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்.

என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். சட்டம் படித்து மருந்து பேட்டன்ட் கேஸ் நடத்தப் போகிறேன் என்கிறாள். ‘சோதனைக்குழாய் பிடித்த கையில் கேஸ் கட்டா?’ என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அந்தத் துறையில் பிழைப்பு இருக்கிறதா?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம்

சிரித்தவர்கள் பட்டியலில் என் பெரியப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் சிரித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நான் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி., அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படித்தேன். அப்புறம் நாலு வருஷம் சிப்காட்டில் ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையில் கியூ.சி. லேப், அதாவது தரப் பரிசோதனைக் கூடம். ரியாக்டரில் இருந்து சாம்பிள் வரும். கரைத்து, வடிகட்டி, கலந்திருப்பதைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றுவோம். பேப்பரில் மலை மாதிரி ஒரு கோடு எழும், அதன் அடிவாரத்தில் சின்னச் சின்ன மேடுகள். மலைதான் மருந்து, மேடுகள் அசுத்தம். அந்த மேட்டின் பரப்பை அளந்து கையெழுத்துப் போட்டால்தான் பேட்ச் வெளியே போகும். ஷிஃப்ட் முடிந்து முதுநகர் பஸ்ஸில் ஏறினால் என் துப்பட்டாவில் இருந்து சால்வென்ட் வாசனை போகாது. கூட்டத்திலும் என் பக்கத்து சீட் காலியாகவே வரும். அது ஒரு வசதி.

பிறகு காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம். அதன் பிறகு சென்னையில் ஒரு சீனியரிடம் ஜூனியர். அவருக்கு என் மார்க் பட்டியல் பெரிதாகப் படவில்லை. ஒரு கிராஃபை நீட்டி, ‘இது என்ன சொல்லுது?’ என்று கேட்டார். சொன்னேன். மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

மகளிடம் சொல்லுங்கள்: அந்த எம்.எஸ்சி. வீணாகாது. பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. அதை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம் எடுத்தால் பேட்டன்ட் அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதவும் வாதாடவும் பதிவு கிடைக்கும். சட்டம் முடிக்கும் முன்பே எழுதலாம், கையில் ஒரு தொழில் இருக்கும். கோர்ட்டில் வாதாட அது தேவையில்லை, சட்டப் பட்டமும் பார் கவுன்சில் பதிவும் போதும்.

வருமானம்? முதல் நாலைந்து வருஷம் இறுக்கம்தான். ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் 2024-இல் சுற்றறிக்கை விட்டது. எல்லா சேம்பரிலும் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், சேரும் இடத்தில் உங்கள் மகள் கேட்கட்டும். கேட்பதில் வெட்கமில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த வேலையில் வாய்ஜாலம் பத்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் எண், தேதி, பக்கம். நான் ஜூனியராக இருந்தபோது எங்கள் கட்சிக்காரரின் மருந்துப் படிகம் எதிர்த்தரப்பு பேட்டன்ட்டில் சொன்ன படிகம் இல்லை என்று காட்ட ஒரு அஃபிடவிட் தயார் செய்தேன். எக்ஸ்-ரே சோதனையில் படிகத்துக்குப் படிகம் கோடுகள் வேறு வேறு இடத்தில் எழும், அதுதான் அதன் கைரேகை. அட்டவணையில் 18.6 என்று இருக்க வேண்டிய இடத்தில் 16.8 என்று அடித்துவிட்டேன். ராத்திரி பதினோரு மணி, மூன்று முறை சரிபார்த்தேன், மூன்று முறையும் கண் 18.6 என்றே படித்தது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு சீனியர் எங்கள் லேப் ரிப்போர்ட்டையும் அஃபிடவிட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, ‘பிரதிவாதி விவரிக்கும் மருந்து பிரதிவாதியிடமே இல்லை, மை லார்ட்’ என்றார். கோர்ட் முழுக்கச் சிரிப்பு. இரண்டு வாரம் வாய்தா, திருத்திய அஃபிடவிட். என் சீனியர் திட்டவில்லை. காரில் ஏறும்போது, ‘ஸ்கேல் வச்சுப் படி’ என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் என் மேஜையில் ஒரு மரஸ்கேல் இருக்கிறது. எண் இருக்கும் பக்கம் என்றால் வரிக்கு வரி அதை நகர்த்தித்தான் படிப்பேன்.

பெரியப்பா இப்போது தனக்கு வரும் மருந்துச் சீட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொல்வது!

காப்புரிமை, பதிப்புரிமை, டிரேட்மார்க் எல்லாம் ஒன்றுதானே?
– வாசகர், பண்ருட்டி

இல்லை. மாத்திரையின் பெயர் டிரேட்மார்க். அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளின் வாசகம் பதிப்புரிமை. மாத்திரைக்குள் இருக்கும் பொருளோ, அதைச் செய்யும் முறையோதான் பேட்டன்ட். பத்திரிகைகள் மூன்றுக்கும் ‘காப்புரிமை’ என்றே எழுதிக் குழப்புகின்றன. அதனால்தான் நான் பேட்டன்ட் என்றே எழுதுகிறேன், தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

எனக்குச் சர்க்கரை. அறுபது ரூபாய் அளவில் வாங்கிக்கொண்டிருந்த எம்பாக்ளிஃபுளோசின் மாத்திரை திடீரென்று வேறு வேறு பெயர்களில், பத்து ரூபாய்க்குக் கீழேகூட வருகிறது. மலிவு என்றால் போலியா? பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை

பயப்படாதீர்கள் சார். அந்த மருந்தின் பேட்டன்ட் 2025 மார்ச்சில் முடிந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம், அதுதான் கணக்கு. அதுவரை ஒருவர் கையில் இருந்தது, மறுநாள் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாளே எப்படித் தயாராக இருந்தார்கள் என்று கேட்பீர்கள். பேட்டன்ட் உயிரோடு இருக்கும்போதே, அரசு அனுமதிக்குத் தேவையான சோதனைக்காக மட்டும் மற்றவர்கள் அந்த மருந்தைச் செய்து பார்க்கலாம் என்று நம் பேட்டன்ட் சட்டத்தின் 107ஏ பிரிவு சொல்கிறது. கல்யாணத்துக்கு முந்தின நாளே காய் நறுக்கி வைக்கலாம், பந்தியில்தான் வைக்கக் கூடாது.

இதன் அண்ணன் மாதிரி டபாக்ளிஃபுளோசின் என்று ஒன்று உண்டு. அதற்கு இந்தியாவில் இரண்டு பேட்டன்ட். ஒன்று பல சேர்மங்களை மொத்தமாக வளைத்துப்போட்டது, இன்னொன்று அந்த ஒரு சேர்மத்துக்கு. முதலாவது 2020 அக்டோபர் 2-ஆம் தேதி முடிந்தது. இரண்டாவது 2023 வரை இருக்கிறது, யாரும் தொடக் கூடாது என்று அதை வைத்திருந்த அஸ்ட்ராஜெனிகா கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு பேட்டன்ட் இருக்க முடியாது என்ற பார்வையில் கோர்ட் இடைக்காலத் தடை தரவில்லை. 2021-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. மாத்திரை காந்தி ஜெயந்தி அன்று விடுதலை ஆனது என்று எங்கள் சேம்பரில் கிண்டல் செய்வோம்.

விலை குறைந்ததால் தரம் குறைந்தது என்று பொருள் இல்லை. ஆனால் கம்பெனியை மாற்றும்போது உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பில் வாங்குங்கள். ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்று கடைக்காரர் வேறு மருந்தையே எடுத்து நீட்டினால் அட்டையில் உள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். வகுப்பில் நின்றவருக்குப் பெயர் படிக்கத் தெரியாதா என்ன!

மூன்று தலைமுறையாக வெண்புள்ளிக்கு ஒரு தைலம் காய்ச்சுகிறோம். யூட்யூபில் செய்முறையை ஓரளவு சொல்லியிருக்கிறேன், ஒரு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். ‘இரண்டு லட்சம் கொடுங்கள், உலக பேட்டன்ட் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– சித்த வைத்தியர், விருத்தாசலம்

கொடுக்காதீர்கள் ஐயா. உலக பேட்டன்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. இந்திய பேட்டன்ட் இந்தியாவுக்குள் மட்டும். பல நாடுகளுக்குச் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் வழி உண்டு, அனுமதி தருவது அந்தந்த நாடுதான். தனிநபர் ஒருவர் இந்தியாவில் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். எழுதித் தருபவருக்கு நியாயமான கூலி தனி. இரண்டு லட்சத்தில் மீதி எங்கே போகிறது என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பு. பேட்டன்ட்டுக்குப் புதுமை வேண்டும். விண்ணப்பத்துக்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிட்டால் புதுமை போச்சு. உங்கள் ஒரு லட்சம் பார்வையாளர்களும் எதிர்த்தரப்பு சாட்சிகள். அதோடு, வழிவழியாக வந்த அறிவுக்கு பேட்டன்ட் இல்லை என்று 3(p) பிரிவு கறாராகச் சொல்கிறது. அந்தப் பிரிவைத் திட்டாதீர்கள், அது உங்களுக்கும் கவசம். புண்ணுக்கு மஞ்சள் வைப்பதற்கு அமெரிக்காவில் 1995-இல் ஒரு பல்கலைக்கழகம் பேட்டன்ட் வாங்கியது. நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. வேப்பெண்ணெயில் பூஞ்சைக் கொல்லி செய்ய ஐரோப்பாவில் கொடுத்த பேட்டன்ட்டும் 2000-இல் ரத்தாகி, அப்பீலிலும் 2005-இல் தோற்றது. உங்கள் பாட்டனார் தைலத்தை நாளைக்கு வேறொருவர் தன்னுடையது என்று சொன்னால் அந்தப் பாட்டனார் ஏடே அவரைத் தடுக்கும்.

பாட்டனார் முறையில் இல்லாத எதையாவது நீங்களாகக் கண்டுபிடித்து, அதனால் பலன் கூடியது என்று சோதனையில் காட்ட முடிந்தால், அதுவும் வீடியோவில் இன்னும் சொல்லாததாக இருந்தால், வாய்ப்பு உண்டு. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடியுங்கள். முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். மூலிகை சம்பந்தப்பட்டது என்பதால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் ஒரு தடவை கேட்டாக வேண்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வெண்புள்ளியைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்த வீடியோவின் தலைப்பை இன்று ராத்திரியே மாற்றிவிடுங்கள்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டில் ஆறு வருஷமாக பிராக்டிஸ். சிவில்தான் அதிகம். கடலூரில் இருந்துகொண்டே மருந்து பேட்டன்ட் கேஸ் நடத்த முடியுமா மேடம்?
– இளம் வழக்கறிஞர், கடலூர்

சட்டப்படி முடியும் தம்பி. பேட்டன்ட் மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது என்பதுதான் 104-ஆம் பிரிவு. கடலூரிலும் போடலாம், புதுச்சேரியிலும் போடலாம். ஆனால் பிரதிவாதி ‘உன் பேட்டன்ட்டே செல்லாது’ என்று எதிர்க்கோரிக்கை வைத்த அந்த நிமிஷமே வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். மருந்து வழக்கில் அந்தக் கோரிக்கை வைக்காத பிரதிவாதியை நான் பார்த்ததில்லை. பாதிக்கு மேல் டெல்லியில்தான் போடுகிறார்கள் என்பது வேறு.

2021-இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்ததும் அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டது. சென்னையில் அதற்குத் தனிப் பிரிவும் இயங்குகிறது. பேட்டன்ட் அலுவலகம் கிண்டியில். தமிழ்நாடு, புதுச்சேரி மட்டுமல்ல, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானாவும் அதன் கீழ்தான். ஆக, எப்படிச் சுற்றினாலும் சென்னை.

உங்களுக்கு ஒரு சந்து இருக்கிறது. சிப்காட்டும், புதுச்சேரியின் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளும் உங்கள் கைக்கெட்டும் தூரம். கோர்ட் கமிஷனர் ஆலைக்கு வந்து இருப்பைக் கணக்கெடுக்கிறார், சாம்பிள் எடுத்து சீல் வைக்கிறார் என்றால் அந்த நேரத்தில் கம்பெனி பக்கம் நிற்க உள்ளூர் வக்கீல் வேண்டும். எந்தக் கிடங்கில் எந்தப் பீப்பாய், எந்த லைசென்ஸில் எந்த மருந்து என்று தெரிந்தவராக இருந்தால் சென்னை சீனியர்களே தேடி வருவார்கள். நான் அப்படி ஒருவரைத்தான் பத்து வருஷமாகக் கூப்பிடுகிறேன். அவருக்கு வேதியியல் தெரியாது. ஆனால் கமிஷனர் அறிக்கையில் பீப்பாய் எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போட விடமாட்டார்.

மருந்து கம்பெனிக்காக வாதாடுவதற்கு மனசு உறுத்தவில்லையா? நோயாளி பக்கம் நிற்க வேண்டாமா?
– சட்ட மாணவி, காலாப்பட்டு

நான் பெரும்பாலும் பேட்டன்ட்டை எதிர்க்கும் இந்தியக் கம்பெனிகளுக்குத்தான் ஆஜராகிறேன். அவையும் கம்பெனிகள்தான் அம்மா, தர்மசாலை இல்லை. பேட்டன்ட் வைத்திருப்பவருக்காகவும் இரண்டு முறை நின்றிருக்கிறேன், அதில் ஒன்று உண்மையிலேயே நல்ல கண்டுபிடிப்பு. அதைச் செய்தவர்களுக்குப் போட்ட பணம் திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

உறுத்துவது வேறு இடத்தில். ஒரே மருந்தின் உப்பை மாற்றி, படிகத்தை மாற்றி இன்னொரு 20 வருஷம் கேட்கும்போது. இமாட்டினிப் கதையைப் படித்திருப்பீர்கள். ரத்தப் புற்றுநோய் மருந்து. அதன் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-இல் நம் சென்னை அலுவலகத்தில்தான் விண்ணப்பித்தது, எண் 1602/எம்.ஏ.எஸ்./1998. அந்த எம்.ஏ.எஸ். மெட்ராஸ். அதே செங்கல், அடுக்கும் விதம் வேறு, படிக வடிவம் என்றால் அவ்வளவுதான். 2006 ஜனவரியில் நிராகரித்தார்கள். தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் பலன் கூடியதைக் காட்டு என்று சொல்லும் 3(டி) பிரிவே செல்லாது என்று போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நான் சட்டப் படிப்பு முடித்த வருஷம் அது. 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: உடம்பில் நன்றாக உறிஞ்சப்படுகிறது என்றால் மட்டும் போதாது, நோயைக் குணமாக்கும் பலன் கூடியதா என்பதே கேள்வி என்று. அந்தக் கம்பெனி மருந்து மாதத்துக்கு 1,20,000 ரூபாய் என்றும், மற்றவர்களுடையது 8,000 முதல் 10,000 வரை என்றும் அப்போது பேசினார்கள்.

எங்கள் தெருவில் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவர் பல வருஷமாக அந்த மாத்திரையில்தான் இருக்கிறார். விடியற்காலை ஏலம் முடிந்து, இட்லி தின்றுவிட்டு, சட்டைப்பையில் இருந்து அட்டையை எடுத்து ஒன்றைப் போட்டுக்கொள்வார். 3(டி) என்றால் ஏதோ சினிமாக் கண்ணாடி என்று நினைப்பார். அவருக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை.

நோயாளி பக்கம் நிற்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பேட்டன்ட் கொடுப்பதற்கு முன் ‘எந்த நபரும்’ ஆட்சேபிக்கலாம் என்று 25(1) பிரிவு சொல்கிறது. காசநோய் மருந்து பெடாக்விலினின் ஒரு உப்பு வடிவத்துக்கான விண்ணப்பத்தை, காசநோய் சிகிச்சையில் செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே என்ற இரண்டு பெண்கள் எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் அது நிராகரிக்கப்பட்டது. 2024-இல் இந்த ஆட்சேபத்துக்குக் கட்டணமும், ஏற்கத்தக்கதா என்று முதலில் பார்க்கும் ஒரு படியும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது, வாசற்படியை உயர்த்தியிருக்கிறார்கள். நீங்கள் பட்டம் வாங்கியதும் அப்படி ஒரு ஆட்சேபத்தை எழுதிப் பாருங்கள், உறுத்தலுக்கு நேரம் இருக்காது.

சிப்காட்டில் ஒரு மருந்து ஆலையில் ஆபரேட்டராக இருக்கிறேன். நைட் ஷிஃப்டில் குளிரூட்டும் வேகத்தைக் குறைத்துப் பார்த்ததில் யீல்டு (கிடைக்கும் சரக்கின் அளவு) கூடியது. அதையே இப்போது கம்பெனி பேட்டன்ட் போடுகிறது என்கிறார்கள். கண்டுபிடித்தவர் பெயரில் இரண்டு அதிகாரிகள் இருக்கிறார்கள், நான் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், குடிகாடு

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களைப் போன்றவர்கள் கொண்டுவந்த சாம்பிளைத்தானே நான் நாலு வருஷம் சோதித்துக்கொண்டிருந்தேன்.

பணம் வேறு, பெயர் வேறு. வேலையில் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்பதை உங்கள் நியமன உத்தரவும் ஒப்பந்தமும் சொல்லும். பெரும்பாலும் கம்பெனிக்கே என்று எழுதியிருப்பார்கள், சின்ன எழுத்தில், மூன்றாம் பக்கத்தில். தேடி எடுத்துப் படியுங்கள். ஆனால் பெயர் உங்களுடையது. உண்மையான கண்டுபிடிப்பாளர் என்று தன் பெயரைச் சேர்க்கும்படி பேட்டன்ட் அலுவலகத்தைக் கேட்க 28-ஆம் பிரிவு வழி தருகிறது. பேட்டன்ட் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், கொடுத்த பிறகு இந்தப் பிரிவில் கேட்க முடியாது. பெயர் சேர்ந்தால் பங்கு வரும் என்று எண்ணாதீர்கள், அந்தப் பிரிவே அப்படி இல்லை என்று சொல்லிவிடுகிறது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். தற்செயலாக வேகத்தைக் குறைத்தீர்களா, இல்லை ‘மெதுவாகக் குளிர்ந்தால் படிகம் நன்றாகக் கட்டும், தாய்த்திரவத்தோடு (படிகம் பிரிந்த பின் மிஞ்சும் திரவம்) குறைவாகப் போகும்’ என்று யோசித்துச் செய்தீர்களா? மேலே யாராவது அப்படிச் செய்து பார் என்று சொன்னார்களா? உங்கள் பெயர் நிற்குமா என்பது இந்தப் பதிலில்தான் இருக்கிறது. வருத்தத்தில் கூட்டிச் சொல்லாதீர்கள், அதிகாரிகள் பக்கமும் லாக் புத்தகம் இருக்கும்.

ஆலைக்குள் இருக்கும் ஆவணங்களைப் படம் எடுக்காதீர்கள், ஒரு தாளைக்கூட வெளியே கொண்டுவராதீர்கள். ரகசியத்தை வெளியிட்டார் என்று உங்கள் மேலேயே திருப்பிவிடுவார்கள். தேவைப்பட்டால் அவற்றைக் கொண்டுவரச் சொல்ல வேறு வழி இருக்கிறது. இப்போதைக்கு ஒரு நோட்டில் நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: எந்த ரியாக்டர், எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், பேட்ச் எண், உங்களோடு யார் இருந்தார்கள், காலையில் பொறுப்பை வாங்கிக்கொண்டவரிடம் என்ன சொன்னீர்கள். மறந்துபோனதை நிரப்பாதீர்கள், காலியாக விடுங்கள். ஆசிரியர் குழுவிடம் என் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த நோட்டோடும் நியமன உத்தரவோடும் ஒரு சனிக்கிழமை காலையில் வாருங்கள். மஞ்சக்குப்பத்தில்தான் இருப்பேன்.